மூலிகையும் மார்பகப் புற்றும்: செடி எவ்வாறு மருந்தாகிறது?

ஜவ்வாது மலையில் மூலிகை அறியாத வீடு இல்லை. கடுக்காய், நெல்லி, தான்றி, நன்னாரி, சிறுகுறிஞ்சான் ஆகியவற்றின் பெயரையும் குணத்தையும் இங்குள்ள தாய்மார்கள் நூல் படித்து அறிந்தவர்கள் அல்லர். காட்டோடு வாழ்ந்து அறிந்தவர்கள். ஆகவே, மார்பில் கட்டி என்று மருத்துவர் சொன்னவுடன் குடும்பத்தாரின் உள்ளத்தில் எழும் முதற்கேள்வி இயல்பானதே: “இதற்கு ஒரு மூலிகை இராதா?” அண்மைக் காலத்தில் இக்கேள்வியுடன் மற்றொன்றும் சேர்ந்துள்ளது. கைப்பேசியில் வரும் காணொளிகளைக் கண்டு, “சீன மூலிகைப் பொடி புற்றைக் கரைக்கும் என்கிறார்களே, உண்மையா?” என்று வினவுகின்றனர்.

இக்கேள்விகளை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. மூலிகைக்குப் புற்றணுவைக் கொல்லும் ஆற்றல் உண்டா என்றால், உண்டு என்பதே விடை. மார்பகப் புற்றுக்குச் சிரை வழியே ஏற்றப்படும் மருந்துகளுள் சில செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் பிறந்தவையே. ஆனால் ஆற்றல் வேறு, சிகிச்சை வேறு. ஆற்றல் எப்போது சிகிச்சையாகிறது, அதுவரை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையே இப்பாடத்தில் விளக்க விழைகிறோம்.

1. புற்றணு என்பது என்ன?

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் தேவைக்கேற்ப இரண்டாகப் பிரியும். தேவை முடிந்ததும் நின்றுவிடும். பழுதுற்றால் தானே மடியும். இவ்வொழுங்கு கெட்டு, நிற்காமல் பிரிந்துகொண்டே செல்லும் உயிரணுக் கூட்டமே புற்று. மார்பகத்தின் பால் நாளங்களிலும் பால் சுரப்பிகளிலும் தொடங்கும் இக்கூட்டம், காலப்போக்கில் அக்குளில் உள்ள நெறிகளுக்கும், அங்கிருந்து எலும்பு, நுரையீரல், கல்லீரல் ஆகியவற்றுக்கும் பரவக்கூடும்.

இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 98,000 பெண்கள் இதனால் உயிரிழந்தனர். தொடக்க நிலையில் வந்தவர்களுள் பெரும்பாலோர் குணமடைகின்றனர். நோய் முற்றிய நிலையில் வருவோர் தொகை நம் நாட்டில் அதிகமாயிருப்பதே உயிரிழப்பு மிகுவதற்கு ஒரு பெருங்காரணம்.

2. செடியின் பொருள் புற்றணுவை எவ்வாறு தாக்குகிறது?

செடியால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் தடுக்க அது தன் இலையிலும் பட்டையிலும் வேரிலும் நஞ்சைச் சேமித்து வைக்கிறது. அந்நஞ்சே, அளவறிந்து கொடுக்கும்போது மருந்தாகிறது. அது புற்றணுவைத் தாக்கும் வழிகள் பல. அவற்றுள் நன்கு அறியப்பட்டவை பின்வருவன.

முதல் வழி, உயிரணு பிரிவதைத் தடுத்தல். ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் மெல்லிய கயிறுகள் போன்ற இழைகள் தோன்றும். மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துப் பங்கிட்டபின் அக்கயிறுகள் கரைந்துவிடும். கயிறு உருவாகாவிட்டாலும் பிரிதல் நின்றுவிடும். உருவான கயிறு கரையாவிட்டாலும் நின்றுவிடும்.

கயிறு உருவாகாமல் தடுப்பது நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்தியகல்யாணியின் பொருள். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியின் இலைச்சாற்றைச் சருக்கரை நோய்க்கு அருந்தும் வழக்கம் ஜமைக்காத் தீவில் இருந்தது. 1952ஆம் ஆண்டில் அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பப்பட்ட இலைகளை இராபர்ட் நோபிள் என்னும் அறிஞர் ஆராய்ந்தார். எலிகளின் இரத்தச் சருக்கரை குறையவில்லை. மாறாக, வெள்ளணுக்கள் குறைந்தன. வெள்ளணுவைக் குறைக்கும் பொருள் வெள்ளணுப் புற்றையும் குறைக்கலாம் அன்றோ? அவ்வாறு பிறந்தவையே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் மருந்துகள். இவற்றின் இனத்தைச் சேர்ந்த வினோரெல்பின், முற்றிய மார்பகப் புற்றுக்கு இன்று பயன்படுகிறது. தமிழகத்தின் தென்மாவட்டங்களில் நித்தியகல்யாணி மருந்துப் பயிராகவே விளைவிக்கப்படுகிறது.

உருவான கயிறு கரையாமல் தடுப்பது யூ என்னும் ஊசியிலை மரத்தின் பட்டையில் உள்ள பொருள். அமெரிக்காவின் மேற்குக் கரைக் காடுகளில் வளரும் அம்மரத்தின் பட்டையிலிருந்து பாக்லிடாக்செல் என்னும் மருந்தைப் பிரித்து, அதன் அமைப்பை 1971ஆம் ஆண்டில் வெளியிட்டவர்களுள் ஒருவர் மன்சுக் வாணி. மகாராஷ்டிர மாநிலம் நந்தூர்பாரில் பிறந்தவர். அவருடன் பணியாற்றியவர் மன்ரோ வால். பாக்லிடாக்செல் மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது. ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளிலிருந்து தொடங்கி ஆக்கப்படும் டோசிடாக்செல் அதன் உடன்பிறப்பு. மார்பகப் புற்றுக்குக் கீமோதெரபி பெறும் பெண்களுள் பலர் இவ்விரண்டில் ஒன்றைப் பெறுகின்றனர்.

கீமோதெரபியின்போது முடி உதிர்வது ஏன் என்பதும் இதனால் விளங்கும். முடிவேரில் உள்ள உயிரணுக்களும் விரைந்து பிரிபவை. கயிறு அங்கும் தடைப்படுகிறது. சிகிச்சை முடிந்தபின் முடி மீண்டும் வளரும்.

இரண்டாவது வழி, மரபு இழையை வெட்டுதல். இங்கேதான் சீன மரம் ஒன்று வருகிறது. சீன மொழியில் ‘ஷி ஷூ’ எனப்படும் அம்மரத்திலிருந்து கேம்ப்டோதெசின் என்னும் பொருளை 1966ஆம் ஆண்டில் பிரித்தவர்களும் மேற்சொன்ன வால், வாணி குழுவினரே. உயிரணு தன் மரபு இழையைப் படியெடுக்கும்போது முறுக்கை அவிழ்ப்பதற்காக ஒரு நொதி இழையை ஒரு கணம் வெட்டி மீண்டும் ஒட்டும். கேம்ப்டோதெசின், வெட்டியதை ஒட்டவிடாமல் நிறுத்துகிறது. இழை முறிந்து அணு மடிகிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோத்தபோடைட்டிஸ் என்னும் மரத்திலும் இதே பொருள் உண்டு.

மூன்றாவது வழி, உணவை மறுத்தல். மார்பகப் புற்றுகளுள் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பைக் கொண்டு வளர்பவை. அதைத் தடுப்பதே டாமாக்சிஃபென் மாத்திரையின் பணி. அது மூலிகையிலிருந்து வந்ததன்று, ஆய்வகத்தில் ஆக்கப்பட்டது. சில மூலிகைகள் ஈஸ்ட்ரோஜன் போலவே நடிக்கின்றன. அவை தடுக்கவும் செய்யலாம். சிலபோது வளர்க்கவும் செய்யலாம். இதைப் பின்னர்க் காண்போம்.

நான்காவது வழி, அணுவைத் தானே மடியச் செய்தல். மஞ்சளில் உள்ள குர்குமின், சீன மருத்துவத்தில் ‘பான் ஷி லியன்’ எனப்படும் செடியின் சாறு முதலியன ஆய்வகக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட மார்பகப் புற்றணுக்களை மடியச் செய்துள்ளன. ‘பான் ஷி லியன்’ சாறு அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்று நோயாளிகளிடம் முதற்கட்ட ஆய்வு வரை சென்றது. ஆயினும் ஒப்புதல் பெற்ற மருந்தாக அது வளரவில்லை. குர்குமினும் இன்றளவும் மார்பகப் புற்றுக்கு மருந்தாக நிறுவப்படவில்லை.

3. கிண்ணத்தில் வென்றது உடலில் ஏன் தோற்கிறது?

ஆய்வகக் கிண்ணத்தில் உள்ள அணுக்கள் மீது நேரே ஊற்றினால் உப்புக் கரைசலும் கூட, செறிவு மிகுந்தால், புற்றணுவைக் கொல்லும். உடலில் நிகழ்வது வேறு. விழுங்கிய பொருள் குடலைக் கடக்க வேண்டும். கல்லீரலில் சிதையாமல் தப்ப வேண்டும். இரத்தத்தில் போதிய அளவில் சேர வேண்டும். கட்டியை அடைய வேண்டும். அங்கே புற்றணுவைக் கொன்று, நல்லணுவை விட்டுவைக்க வேண்டும். குர்குமின் முதல் வாயிலிலேயே தடுமாறுகிறது. உண்ட அளவில் மிகச் சிறு பங்கே இரத்தத்தை அடைகிறது.

அளவும் ஒரு பெருந்தடை. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெறச் சுமார் 500 கிலோ உலர்ந்த நித்தியகல்யாணி இலை வேண்டும் என்பர். எனவே இலையை மென்றால் புற்றுக்குப் போதிய மருந்து கிடைக்காது. அதே வேளையில் இலையில் உள்ள எண்பதுக்கும் மேற்பட்ட பிற பொருள்கள் வயிற்றையும் நரம்பையும் இரத்த அணுக்களையும் தாக்கக்கூடும். ஒரே செடியின் இலை மழைக்காலத்தில் ஓர் அளவும் கோடையில் வேறோர் அளவும் கொண்டிருக்கும்.

கேம்ப்டோதெசினின் வரலாறு இதற்கு நல்ல சான்று. 1970களில் அது நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது கடும் வயிற்றுப்போக்கும், சிறுநீர்ப்பையில் இரத்தக் கசிவும் உண்டாயின, ஆய்வு நிறுத்தப்பட்டது. அறிஞர்கள் அதைக் கைவிடாமல், அதன் அமைப்பைச் சிறிது சிறிதாக மாற்றினர். இறுதியில் அதன் வழித்தோன்றல் ஒன்றை, புற்றணுவை மட்டும் தேடிச் சென்று ஒட்டும் எதிர்ப்பொருளுடன் பிணைத்தனர். டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் எனப்படும் அம்மருந்து 2019ஆம் ஆண்டு இறுதியில் ஒருவகை மார்பகப் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சீன மரத்தின் பொருள் மார்பகப் புற்றின் மருந்தாக 50 ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. இடைப்பட்ட உழைப்பு முழுவதும் எதற்காக? எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு, எத்துணைத் தீங்குடன் என்பதை அறிவதற்காகவே.

4. நம் மருத்துவ மரபில் ஒரு சான்று: சேராங்கொட்டை

சித்த மருத்துவம் புற்றை அறியாததன்று. சேராங்கொட்டையை முறைப்படி தூய்மை செய்து ஆக்கும் நெய்யைப் புற்று முதலிய நோய்களுக்கு வழங்கும் மரபு அதில் உண்டு. சலவைத் தொழிலாளர் துணிகளில் அடையாளமிடப் பயன்படுத்திய கொட்டை இதுவே. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளமும் புண்ணும் உண்டாகும் என்பதை மலைவாழ் மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உயிர்வேதியியல் துறையினர் இக்கொட்டையைப் பாலில் இட்டு ஆக்கிய சாற்றையும், அதனுடன் நெல்லியும் தேனும் சேர்த்த ‘கல்பாமிர்தம்’ என்னும் கலவையையும் மார்பகப் புற்று உண்டாக்கப்பட்ட எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். கட்டியின் வளர்ச்சி தணிந்ததை அவர்களின் கட்டுரைகள் தெரிவிக்கின்றன. இது மதிக்கத்தக்க பணி. நம் மரபைச் சோதனைக்கு உட்படுத்துவதே அதற்கு நாம் செய்யும் சிறப்பு.

ஆயினும் எலி ஒரு படி மட்டுமே. அதற்கு மேல் மூன்று படிகள் உள்ளன. முதற்கட்டத்தில் மனிதருக்குத் தாங்கக்கூடிய அளவு எதுவென ஒரு சிலரிடம் அறியப்படும். இரண்டாம் கட்டத்தில் கட்டி சுருங்குகிறதா எனப் பார்க்கப்படும். மூன்றாம் கட்டத்தில், நூற்றுக்கணக்கான நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, புதிய மருந்து பெற்றோர் நடப்பு மருந்து பெற்றோரைவிட நீண்டகாலம் நலமாக வாழ்கின்றனரா என ஒப்பிடப்படும். பாக்லிடாக்செல் இப்படிகளைக் கடந்து வந்தது. சேராங்கொட்டை இன்னும் கடக்கவில்லை. ஆகவே அதை மார்பகப் புற்றுக்குரிய சிகிச்சை என்று இன்று நாம் கூற இயலாது. தூய்மை செய்யாத கொட்டையை மார்புக் கட்டியின் மேல் அரைத்துப் பூசுவது, கட்டியைக் கரைக்காது. தோலைப் பொசுக்கிப் புண்ணாக்கி, அறுவைச் சிகிச்சையையும் தாமதப்படுத்தும்.

5. தீங்கு எவ்வழி வருகிறது?

மூலிகை ‘இயற்கை’ ஆதலால் தீங்கற்றது என்பர் சிலர். எட்டிக்காயும் அரளியும் இயற்கையே. தீங்கு வரும் வழிகள் நான்கு.

முதலாவது, காலம் கடத்தல். இதுவே அனைத்தினும் பெரிது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பரவாத நிலையில் இருந்த மார்பகப் புற்றுக்கு மாற்று மருத்துவத்தை மட்டும் நாடியோர் இறக்கும் வாய்ப்பு, முறையான சிகிச்சை பெற்றோரைவிட ஐந்து மடங்குக்கும் மேல் என்று கண்டனர். அவர்களை மூலிகை கொன்றது என்பது இதன் பொருளன்று. அறுவையும் மருந்தும் கைகூடும் காலம் கழிந்துவிட்டது என்பதே பொருள். பட்டாணி அளவில் வந்த கட்டியை நீக்கலாம். தோலைப் பிளந்து வந்த கட்டியைத் தணிக்கலாம், நீக்குதல் அரிது.

இரண்டாவது, மூலிகையின் சொந்த நஞ்சு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரசெல்ஸ் நகரில், உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகை கலந்த மாத்திரைகளை உண்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதடைந்தது. சேர்க்க வேண்டிய மூலிகைக்குப் பதிலாக, பெயரொப்புமையால் அரிஸ்டோலோக்கியா இனச்செடி சேர்க்கப்பட்டதே காரணம். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த 39 நோயாளிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்தது. இச்செடியினத்தை மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்துள்ளது.

இச்செய்தி தொலைதேசத்ததாகத் தோன்றலாம், அன்று. பாம்புக்கடிக்கும் வயிற்று வலிக்கும் பலரும் நம்பும் ஈசுவரமூலியும், சமவெளிக் கரிசல் நிலத்தில் வளரும் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா இனத்தவையே. ஆடு தீண்டாத செடி என்று நம் முன்னோர் பெயரிட்டதே ஓர் எச்சரிக்கை அன்றோ? இவற்றின் வேரையோ இலையையோ எந்நோய்க்கும் உட்கொள்ள வேண்டா என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறோம். பாம்பு கடித்தவரை நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுவருதலே வழி.

மூன்றாவது, மருந்தோடு மோதுதல். டாமாக்சிஃபென் மாத்திரை கல்லீரலில் எண்டாக்சிஃபென் என்னும் வடிவம் பெற்ற பின்னரே வலிமையுடன் செயற்படும். நெதர்லாந்தில் 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், டாமாக்சிஃபென் உண்ணும் பெண்களுக்குக் குர்குமினும் மிளகுச் சத்தும் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டபோது, இரத்தத்தில் எண்டாக்சிஃபென் அளவு சுமார் 12 விழுக்காடு குறைந்தது. மஞ்சளும் மிளகும் சேர்ந்தால் மருந்தின் வலு குறையக்கூடும் என்று பொருள். இதைக் கேட்டு இரசத்தையும் குழம்பையும் விட்டுவிட வேண்டா. உணவில் இடும் மஞ்சளும் மிளகும் சிறிதளவே. நாம் விலக்கச் சொல்வது செறிவூட்டிய மாத்திரையையும், நாள்தோறும் கரண்டி கரண்டியாக உண்ணும் பொடியையுமே.

அதிமதுரம் தமிழ் மருத்துவத்துக்கும் சீன மருத்துவத்துக்கும் பொதுவானது. அதை அளவு மீறி உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலின் பொட்டாசியம் குறையும். வாந்தியும் பேதியும் உள்ள கீமோதெரபிக் காலத்தில் அது இதயத்துக்கு ஆபத்து. மேலும் அதிமதுரத்திலும், சீனப் பெண்கள் விரும்பி உண்ணும் ‘டாங் குவாய்’ வேரிலும் ஈஸ்ட்ரோஜன் போல் நடிக்கும் இயல்பு ஆய்வகத்தில் காணப்பட்டுள்ளது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் புற்றுடையோர், மருத்துவரைக் கேளாமல் இத்தகைய மூலிகைகளை உண்ணலாகாது. தாய்ப்பால் பெருக உண்ணும் தண்ணீர்விட்டான் கிழங்கு இலேகியத்தையும் இவ்விடத்தில் கேட்டே உண்ண வேண்டும்.

நான்காவது, கலப்படம். பெயரும் முகவரியும் இல்லாத பொடியில் என்ன உள்ளது என்பதை விற்பவரும் அறியார். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும், உடனே பசியும் தெம்பும் வந்ததுபோல் காட்டும் ஸ்டீராய்டு மருந்துகளும் இத்தகைய பொடிகள் சிலவற்றில் கண்டறியப்பட்டுள்ளன. நான்கு நாளில் வலி குறைந்தது என்பது புற்று குறைந்ததற்குச் சான்றாகாது.

6. அப்படியாயின் மூலிகைக்கு இடமே இல்லையா?

உண்டு. நோயை வெல்லும் வழியில் நோயாளியின் துன்பத்தைக் குறைப்பதில் அதற்கு நல்லிடம் உண்டு. கீமோதெரபி பெற்ற 576 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், வாந்தித்தடுப்பு மருந்துடன் நாளொன்றுக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சிச் சத்து உண்டவர்களுக்கு, சிகிச்சை நாளின் குமட்டல் குறைந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மார்பகப் புற்று நோயாளிகள். ஆகவே கீமோதெரபி நாளில் சுக்குக் கஷாயம் சிறிது அருந்தலாமா என்று கேட்போர்க்கு, மருத்துவரிடம் தெரிவித்துவிட்டு அருந்தலாம் என்போம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், இரத்தத் தட்டணுக்கள் குறைந்தோரும் மட்டும் தவிர்க்க வேண்டும்.

மலையில் விளையும் சாமைக் கஞ்சியும், பருப்பும், முட்டையும், நன்கு வேகவைத்த கீரையும் உடலுக்கு வலிமை தருவன. கீமோதெரபிக் காலத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். ஆகவே வேகவைக்காத பச்சிலைச் சாறும், கழுவாத பழமும் கிருமித் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பதை நினைவில் கொள்க.

சித்த மருத்துவரை நாட விரும்புவோர், பட்டம் பெற்றவரையே நாடுக. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. சென்னை தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. எந்த மருத்துவரை நாடினும், இரு தரப்பாரும் மற்றவர் தரும் மருந்தை அறிந்திருக்க வேண்டும்.

7. குடும்பத்தார் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

புற்றுக்கு மருந்து என்று யார் எதைக் கொடுத்தாலும், அது உள்ளூர் வேராயினும் சீனப் பொடியாயினும் நாம் தரும் மாத்திரையாயினும், பின்வரும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

அ) இதில் உள்ளது எது? எச்செடியின் எப்பகுதி?
ஆ) எவ்வளவு, எத்தனை நாள்?
இ) இதை உண்டோரையும் உண்ணாதோரையும் ஒப்பிட்டு யாரேனும் பார்த்துள்ளனரா?
ஈ) நான் இப்போது உண்ணும் மருந்தோடு சேர்ந்தால் என்னவாகும்?

நம்மிடமும் இவற்றைக் கேட்கத் தயங்க வேண்டா. விடை சொல்ல வேண்டியது எம் கடமை. விடை சொல்ல மறுப்பவரிடமிருந்தும், “மருத்துவமனை மருந்தை உடனே நிறுத்து” என்பவரிடமிருந்தும் விலகி நிற்றல் நலம்.

8. மலைவாழ் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள்

மார்பில் கட்டி கண்ட பெண், அதைத் தன் கணவரிடமும் மாமியாரிடமும் சொல்லக் கூசுகிறார். கட்டி வலிப்பதில்லை, எனவே அஞ்சவும் காரணம் தோன்றுவதில்லை. வலியில்லாத கட்டியே ஐயத்துக்குரியது என்பதை அனைவரும் அறிதல் வேண்டும். கட்டி மட்டுமன்று, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போல் குழிவிழுதல், காம்பு புதிதாக உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் இரண்டு வாரத்துக்குள் வந்து காட்டுக. கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றல்ல. புற்று அன்று என்று அறிந்து மகிழ்ச்சியுடன் வீடு திரும்பவும் பரிசோதனை வேண்டுமே!

மேமோகிராம் கருவி மலைமேல் இல்லையே என்று கவலற்க. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998ஆம் ஆண்டு தொடங்கி, 1,51,538 பெண்களிடம் இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தனர். நோய் முன்னதாகவே கண்டறியப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே மார்பகப் புற்றால் நேரும் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஒரு பெண்ணின் பயிற்சி பெற்ற கை இத்துணை உயிர்களைக் காத்துள்ளது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது.

ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கித் திருவண்ணாமலைக்கோ வேலூருக்கோ பலமுறை சென்று வருவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். கூலி இழப்பும், பிள்ளைகளை விட்டுச் செல்லும் கவலையும், பேருந்துக்குக் காத்திருக்கும் துன்பமும் மெய்யானவை. வாசலுக்கு வரும் பொடி மலிவாகவும் எளிதாகவும் தோன்றுவது அதனால்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்க்கான அறுவை, கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியன அடங்கும். குடும்ப அட்டையுடன் வாருங்கள். காப்பீட்டுக்கு வழிகாட்டுவதும், பயண நாள்களை இயன்றவரை குறைத்து அமைப்பதும் மருத்துவமனையாரின் பணியாகும்.

வீட்டில் ஏற்கெனவே ஏதேனும் மூலிகை உண்டிருப்பின், அதை மறைக்க வேண்டா. பொட்டலத்தையோ, வேரையோ, இலையையோ கையோடு கொண்டு வாருங்கள். எவரும் கடிந்துகொள்ளார். எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு உண்டீர்கள் என்பது தெரிந்தால்தான் கீமோதெரபியின் அளவையும் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் பிழையின்றித் திட்டமிட இயலும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

• மூலிகையில் புற்றை எதிர்க்கும் பொருள்கள் உண்டு. நித்தியகல்யாணியும் யூ மரமும் சீனத்து ‘ஷி ஷூ’ மரமும் அதற்குச் சான்று.
• பொருளைப் பிரித்து, அளவறிந்து, நோயாளிகளிடம் ஒப்பிட்டு நிறுவிய பின்னரே அது சிகிச்சையாகிறது.
• ஈசுவரமூலி, ஆடுதீண்டாப்பாளை ஆகியவற்றை உட்கொள்ளற்க. சேராங்கொட்டையைக் கட்டியின் மேல் பூசற்க.
• மஞ்சள், மிளகு ஆகியவற்றை உணவில் சேர்க்கலாம். மாத்திரையாகவும் பெருமளவிலும் உண்ணற்க.
• எந்த மூலிகை உண்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• வலியில்லாத கட்டியே ஆயினும், கண்ட இரண்டு வாரத்துக்குள் காட்டுங்கள்.

காட்டை அறிந்த மக்கள், எந்த வேரை எப்போது தோண்ட வேண்டும் என்பதை அறிவர். பருவம் தவறிய வேர் பயன்படாது. மார்பகக் கட்டிக்கும் பருவம் உண்டு. அது சிறிதாயிருக்கும் இப்பொழுதே அப்பருவம்.